இடையிசையைக் கைவிடாதீர்கள்: புதுவை மெல்லிசைக் குழுக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி மெல்லிசைக் குழுக்களில் பாடியும் வாசித்தும் வரும் கலைஞர்களுக்கு,

வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேர்த் திருவிழாவை ஒட்டிய கச்சேரிகளிலும், ஊர்தோறும் நடக்கும் செடல் உற்சவங்களிலும், முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டைக் கல்யாண மண்டபங்களின் வரவேற்பு மேடைகளிலும் உங்களை நெடுங்காலமாகக் கேட்டு மகிழ்ந்து வந்தவன் என்கிற ஒரே உரிமையைக் கொண்டு இந்த மடலை எழுதத் துணிகிறேன். எந்தக் குழுவையும் பெயர் சொல்லிச் சுட்டாமல் அனைவரையும் ஒருங்கே விளித்து எழுதுவதற்குக் காரணம், என் மனத்தில் இருக்கும் விஷயம் ஒரு குழுவின் குறையோ ஓர் இரவின் தவறோ அன்று என்பதுதான். எண்பதுகளில் வெளிவந்த தமிழ்த் திரைப்படங்கள் நமக்கு அளித்துச் சென்ற பாப், ராக், டிஸ்கோ பாணிப் பாட்டுகள் இன்று நம் ஊர் மேடைகளில் எவ்வாறு வாசிக்கப்படுகின்றன என்பதும், இனி எவ்வாறு வாசிக்கப்பட வேண்டும் என்பதுமே அது.

அந்தப் பாட்டுகளை மக்கள் மறந்துவிட்டார்கள் என்று முறையிட நான் வரவில்லை. மறக்கவில்லை என்பதற்கு ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவில் நம் கடற்கரைச் சாலையே சாட்சி. காந்தி சிலையைச் சுற்றித் திரளும் கூட்டத்தில் 'சகலகலா வல்லவன்' வெளிவந்த 1982ஆம் ஆண்டில் பிறந்தே இராத பிள்ளைகள்தாம் பெரும்பாலோர். ஆயினும் பன்னிரண்டு மணி அடித்ததும் 'இளமை இதோ இதோ' எங்கிருந்தாவது ஒலித்தாக வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். வாலி எழுத, இளையராஜா இசையமைக்க, எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடிய அந்த ஒரு பாட்டின் இடத்தை, அதற்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகளில் வேறெந்தப் புத்தாண்டுப் பாட்டாலும் பிடிக்க முடியவில்லை. பாடும் குரல்களுக்கும் பஞ்சமில்லை; பாலசுப்ரமணியத்தின் மூச்சையும் முறுவலையும்கூட அப்படியே கொண்டுவரும் இளைஞர்கள் உங்களிடையே இருக்கிறார்கள்.

என் கவலை வாத்தியங்களைப் பற்றியது. முன்பெல்லாம் ஒரு குழு மேடையேறுகிறது என்றால், டிரம்ஸ், பேஸ் கிடார், லீட் கிடார், காம்போ ஆர்கன், தபேலா, காங்கோ, புல்லாங்குழல், சில சமயம் இரண்டு வயலின், ஒரு டிரம்பெட் என்று மேடை நிறைந்திருக்கும்; கச்சேரி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சிறுவர்கள் மேடையருகில் வந்து நின்று, ஒவ்வொரு வாத்தியத்தையும் சுருதி சேர்ப்பதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்று பல மேடைகளில் ஒரு மடிக்கணினியும் இரண்டு மைக்குகளும் இருக்கின்றன. எவரோ எங்கோ பதிவுசெய்த டிராக் ஓடுகிறது. பாடகர் அதன்மேல் பாடிவிட்டுப் போகிறார். வாத்தியக்காரர்களை இன்னும் கைவிடாத குழுக்களிலும், நேரம் போதவில்லை என்ற காரணத்தால், பல்லவி முடிந்ததும் இடையிசையைப் பாதியில் நறுக்கிவிட்டுச் சரணத்துக்குத் தாவுவதும், இரண்டாம் இடையிசையை அடியோடு விட்டுவிடுவதும், பேஸ் கிடாரின் வேலையைக் கீபோர்டுக்காரரின் இடக்கையில் சுமத்திவிடுவதும் வழக்கமாகிவிட்டன. இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடல்.

ஏன் இந்தப் பாட்டுகளைக் குறித்து மட்டும் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்பீர்கள். முந்தைய தலைமுறையில் இசையமைப்பாளர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் மேலைநாட்டு வாத்தியங்களைக் கையாளாதவர்கள் அல்லர். 1964இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் அவர்கள் செய்துகாட்டிய துள்ளலை இன்றும் எவரும் மிஞ்சிவிடவில்லை. எனினும் அக்காலத்துப் பாட்டில் சொல்லும் மெட்டும் அரசும் அமைச்சுமாக அமர்ந்திருக்க, இடையிசை அவ்விரண்டையும் அலங்கரித்து நின்றது. இடையிசையின்றிக் கைத்தாளம் போட்டுப் பாடினாலும் பாட்டு பெருமளவு நிற்கும். எண்பதுகளில் வந்த ராக், பாப் பாணிப் பாட்டுகளிலோ பேஸ் கிடார் ஒரு தனி மெட்டைப் பாடிக்கொண்டே போகிறது. டிரம்ஸ் வாக்கியங்களுக்கு நிறுத்தக்குறி இடுகிறது. முதல் இடையிசை ஓர் உணர்ச்சியைத் தொடங்கிவைக்க, இரண்டாவது அதற்கு எதிர்பாராத ஒரு விடையைத் தருகிறது. இவற்றை நீக்கிவிட்டுப் பாடினால் மிஞ்சுவது பாட்டின் ஒரு பாதிதான்.

இவ்விசை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் இதைக் காக்கும் கடமை உங்களுடையதாகவே ஏன் இருக்கிறது என்பதும் விளங்கும். அதற்கு முதலில் மேலைநாட்டில் அதே பத்தாண்டில் நடந்ததைச் சற்றுப் பார்க்க வேண்டும். அங்கே ராக் குழுக்களும் பாப் பாடகர்களும் சினிமாவின் தயவை நாடாமலேயே தங்களுக்கென்று ஓர் இசைத்தட்டு உலகத்தைக் கட்டி எழுப்பியிருந்தார்கள். 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கிய பிறகு பாட்டைக் கேட்பதோடு பார்க்கவும் செய்கிற பழக்கம் அங்கே வீடுகளுக்குள் புகுந்தது. படத் தயாரிப்பாளர் அவ்வுலகத்திலிருந்து பாட்டை இரவல் வாங்கினார். 1982இல் வந்த மூன்றாவது 'ராக்கி' படத்துக்கு சர்வைவர் என்னும் குழு பாட்டுச் செய்து கொடுத்தது; 1983இல் 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்துக்கு ஜார்ஜியோ மொரோடரின் மெட்டில் ஐரீன் காரா பாடினார்; 1985இல் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்துக்கு சிம்பிள் மைண்ட்ஸ் குழு பாடியது; 1986இல் 'டாப் கன்' படத்துக்காக மொரோடர் இசையமைத்து பெர்லின் குழு பாடிய பாட்டு ஆஸ்கார் பரிசே பெற்றது. பிரின்ஸ் என்னும் மகா கலைஞர் 1984இல் 'பர்ப்பிள் ரெயின்' படத்தில் தாமே நடித்துத் தாமே பாடியது ஒரு விதிவிலக்கு. பொதுவாக அங்கே படம் ஒரு கையால் ஆனது, பாட்டு மற்றொரு கையால் ஆனது. இரண்டும் ஒன்றையொன்று சந்தையில் தாங்கிக்கொண்டன.

நம் ஊருக்கு அந்த மேலைநாட்டு இசை அலை அமெரிக்காவிலிருந்து வந்ததைவிடப் பிரான்சிலிருந்து வந்தது அதிகம் என்று சொல்லலாம். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய சொல்தா குடும்பங்களின் பிள்ளைகள் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வருகையில் பெட்டியில் கொண்டுவரும் கேசட்டுகளில் 'லா பூம்' படத்தின் பாட்டு தவறாமல் இருக்கும். 1980இல் வெளிவந்து சோஃபி மார்சோவைப் பிரசித்தியடையச் செய்த அப்படத்துக்கு விளாதிமிர் கோஸ்மா இசையமைக்க, ரிச்சர்ட் சாண்டர்சன் 'ரியாலிட்டி' என்ற மெல்லிய பாட்டைப் பாடியிருந்தார். விருந்தில் எல்லாரும் வேகமான இசைக்கு ஆடிக்கொண்டிருக்கும்போது, ஓர் இளைஞன் பின்னாலிருந்து வந்து படத்தின் நாயகியின் காதில் ஹெட்போனைப் பொருத்துகிறான். உடனே அவளுக்கு மட்டும் வேறொரு பாட்டு கேட்கிறது. அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் நம் நிலைமை அதற்கு எவ்வளவு வேறாக இருந்தது என்று வியக்கிறேன். இங்கே எந்தப் பாட்டும் ஒருவர் காதுக்கு மட்டும் ஒலித்ததில்லை. தேநீர்க் கடையின் ரேடியோவிலும், கோயில் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கரிலும், திரையரங்குகளில் படம் தொடங்கும் முன்பு போடும் இசைத்தட்டிலும், இரவில் இலங்கை வானொலியிலும் ஊர் முழுவதற்குமாக ஒலித்தது. ரோடியர் மில்லிலும் சுதேசி மில்லிலும் தீபாவளி போனஸ் வாங்கியவர்கள் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் வாங்கியபோது, அந்த வீட்டுப் பாட்டு அந்தத் தெருவின் பாட்டாகவே இருந்தது. காகிதத்தில் பன்னிரண்டு பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டில் அவை பதிவாகி வர இரண்டு நாள் காத்திருந்த அனுபவம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

தமிழ்நாட்டிலும் புதுவையிலும் ராக் குழுக்களுக்கென்று இசைத்தட்டுச் சந்தை ஏதும் இருக்கவில்லை. மாதா கோயில் பாடற்குழுவில் ஸ்வரக் குறிப்பு படிக்கக் கற்றவனும், கல்லூரி ஆண்டு விழாவில் கிடார் மீட்டியவனும், நட்சத்திர ஹோட்டலில் இரவு வாத்தியம் வாசித்தவனும் தன் வித்தையைக் கொண்டு பிழைக்க வேண்டுமானால் இரண்டே வாசல்கள் திறந்திருந்தன: ஒன்று சென்னையில் சினிமாப் பாட்டுப் பதிவுக்கூடம், மற்றொன்று மெல்லிசைக் குழு. அந்த இரண்டும் தனித்தனி உலகங்களாக இருக்கவில்லை என்பதே நான் உங்களுக்கு நினைவூட்ட விரும்பும் உண்மை. இளையராஜா உள்ளிட்ட பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் அண்ணன் பாவலர் வரதராசன் தலைமையில் ஊர் ஊராகப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியும் வாசித்தும் வளர்ந்தவர்கள். சென்னைக்கு வந்த பின்பு, பாலசுப்ரமணியம் இன்னும் பெரும் புகழ் அடையாதிருந்த நாளில், அவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையின் இலக்கணத்தைப் பயின்று, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, சலீல் சௌதுரி போன்றவர்களின் பதிவுகளில் கிடார் வாசித்து, அதற்குப் பிறகே 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார் இளையராஜா. எண்பதுகளின் இசையை உண்டாக்கியவர் முதலில் உங்களைப்போல் மேடையோரத்தில் வாத்தியத்தோடு நின்ற ஒருவர். அதைப் பாடியவர் முதலில் உங்களைப்போல் ஒரு குழுவை நடத்தியவர்.

இளையராஜாவின் இசைக் குழுவில் இருந்தவர்களும் அத்தகையோரே. டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், கிடார் வாசித்த சந்திரசேகர், பேஸ் கிடார் வாசித்த சசிதரன், விசைப்பலகை வாசித்த விஜி மேனுவல், வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மன் ஆகியோரின் பெயர்களை இன்று இசையறிந்தவர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். ஆனால் அன்று நாம் வாங்கிய இசைத்தட்டின் உறையிலும் கேசட்டின் காகிதத்திலும் இருந்தவை மூன்று பெயர்களே: இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இளையராஜா தம் கைப்பட மேலைநாட்டு முறையில் ஸ்வரக் குறிப்பு எழுதிக் கொடுப்பார் என்பதும், எல்லாரும் ஒரே கூடத்தில் அமர்ந்து பாடகரோடு சேர்ந்து வாசித்து ஒரே மூச்சில் பாட்டைப் பதிவுசெய்தார்கள் என்பதும் ரசிகர்களுக்குத் தெரிய வந்தது பின்னாளில்தான். ஒருவர் பிசகினால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து வாசிக்க வேண்டிய நிர்ப்பந்தம் இருந்த காலம் அது. அவ்வளவு சிரத்தையோடு உருவான இசையை டிராக்கில் ஓடவிட்டு மேடையோரத்தில் சும்மா நிற்பது அவர்கள் வழிவந்த நமக்கு அழகன்று.

இனிப் பாட்டுகளுக்கு வருகிறேன். என் மனத்துக்கு மிகவும் நெருங்கியவற்றைச் சொல்கிறேன். நீங்கள் வேறு சிலவற்றைச் சொல்லக்கூடும்.

1980இல் பாலு மகேந்திரா இயக்கிய 'மூடுபனி' இளையராஜாவுக்கு நூறாவது படம். அதில் பிரதாப் போத்தன் கையில் கிடாரை ஏந்தியிருக்க, கே. ஜே. யேசுதாஸ் குரலில் வரும் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைக் கங்கை அமரன் எழுதினார். நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களும் மேலைநாட்டார் மைனர் என்று வழங்கும் ஸ்வர வரிசையும் ஒன்றே ஆகையால், அப்பாட்டைக் கேட்கும் நம் தாத்தாவுக்கு அது ராகமாகவும், பேரனுக்கு அது கிடார்ப் பாட்டாகவும் ஒரே சமயத்தில் இன்பம் தருகிறது. மூங்கில் ஊதும் மெலிந்த காற்றைப்போல் தொடங்கும் அந்தக் கிடாரின் பின்னால் பேஸ் கிடார் எப்போது நுழைகிறது, எங்கே விலகி நிற்கிறது என்பதை ஒரு முறை ஹெட்போன் வைத்துக் கேளுங்கள். குரலுக்கு இடம்விட்டு வாசிப்பது எப்படி என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் ஒரு பேஸ் கிடார் மாணவனுக்குக் கிடையாது.

அதே ஆண்டில் பாரதிராஜாவின் 'நிழல்கள்' வந்தது. வேலையின்றி அலையும் இளைஞர்களின் கதை அது. வைரமுத்து திரைக்கு எழுதிய முதற்பாட்டான 'பொன்மாலைப் பொழுது' அதில்தான் வந்தது என்பது அனைவரும் அறிந்தது. எனக்கு அதில் பெரிய விசேஷமாகத் தோன்றுவது வாலி எழுதிய 'மடை திறந்து'. இசையில் வென்றுவிடுவோம் என்று கனவு காணும் ஓர் ஏழை இசைக்கலைஞனின் உற்சாகத்தைச் சொல்லும் அப்பாட்டில், வயலின் கூட்டமும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. நடுவில் பாலசுப்ரமணியத்தின் குரல் மகிழ்ச்சி தாங்காமல் துள்ளுகிறது. படம் திரையரங்கில் வெற்றி பெறவில்லை. பாட்டு நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. வாத்தியம் வாசித்துப் பிழைக்க விரும்பும் ஒவ்வோர் இளைஞனின் பாட்டும் அதுவே ஆகையால், அதையாவது நீங்கள் ஒருபோதும் டிராக்கில் பாடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

1982இல் ஆர். சுந்தரராஜன் இயக்கிய 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. அதன் 'இளைய நிலா'வைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆசை தீராது. திரையில் மைக்கைப் பிடித்தவர் மோகன். அதற்குப் பின் 'மைக் மோகன்' என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. பாடியவர் பாலசுப்ரமணியம், எழுதியவர் வைரமுத்து. தொடக்கத்தில் தனித்து வருகிற கிடாரை வாசித்தவரோ சந்திரசேகர். தந்திகளை மொத்தமாக உரசாமல் விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டிச் செல்லும் அந்த ஆரம்பத்தைக் கேட்ட மாத்திரத்தில், குரல் வருவதற்கு முன்பே, கூட்டம் கைதட்டத் தொடங்குவதை நீங்கள் மேடையில் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். அந்தக் கைதட்டல் வாத்தியக்காரருக்கு உரியது. அடுத்த ஆண்டே அந்த மெட்டை ஹிந்தியில் 'கலாகார்' படத்தில் எடுத்தாண்டார்கள். வடநாட்டில் கிடார் கற்கும் பிள்ளைகள் இன்றும் அதை ஆரம்பப் பாடமாக வாசிக்கிறார்கள். நம் ஊரில் அது ஒரு கீபோர்டின் கிடார் ஒலியில், இரண்டே சுற்றில் முடிந்துவிடுவது எனக்குச் சகிக்க முடியாத துயரம். ஒரு தொழில் நுணுக்கத்தையும் இங்கே சொல்ல அனுமதியுங்கள். பாடகரின் சௌகரியத்துக்காகச் சுருதியை அரைக்கட்டை ஒரு கட்டை இறக்கும்போது கீபோர்டுக்காரருக்கு ஒரு பொத்தான் அழுத்தினால் போதும்; கிடாரில் விரல் வைக்கும் இடமெல்லாம் மாறி, திறந்த தந்திகளின் நாதம் மறைந்துபோகும். ஆகையால் சுருதியை முடிவு செய்யும்போது கிடார்க்காரரையும் கலந்துகொள்ளுங்கள்; வேண்டுமானால் தந்திகளையே இறக்கிச் சுருதி சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரம் கொடுங்கள்.

டிஸ்கோ பாணியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்த அலை 1980இல் ஹிந்தி 'குர்பானி'யோடு எழுந்து, 1982இல் 'டிஸ்கோ டான்ஸர்' படத்தோடு நாடெங்கும் பரவிற்று. அப்படத்தைத் தமிழில் 1985இல் ஆனந்த் பாபு நடிக்க 'பாடும் வானம்பாடி' என்று எடுத்தார்கள். தமிழில் அப்பாணியின் சிறந்த மாதிரிகள் என்று நான் கருதுபவை 'அடுத்த வாரிசு' படத்தில் மலேசியா வாசுதேவன் பாடிய 'ஆசை நூறு வகை'யும், 'எனக்குள் ஒருவன்' படத்தில் கமல்ஹாசன் மேடையில் ஆடிப்பாடும் 'மேகம் கொட்டட்டும்' பாட்டும். இவற்றின் மூதாதை, பத்தாண்டின் வாசற்படியில் 1979இல் நிற்கும் 'நினைத்தாலே இனிக்கும்'. ஓர் இசைக் குழுவையே கதாநாயகனாக்கிக் கே. பாலசந்தர் எடுத்த அப்படத்தில், எம். எஸ். விஸ்வநாதன் தமக்குப் பிந்திய தலைமுறையின் துடிப்பையும் தம்மால் தர முடியும் என்று நிரூபித்ததோடு, 'சம்போ சிவசம்போ'வைத் தாமே பாடியும் காட்டினார்.

1986ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் இயந்திரத்துக்கும் வாத்தியக்காரருக்கும் உள்ள வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. அவ்வாண்டில் வந்த 'விக்ரம்' படத்தின் தலைப்புப் பாட்டைக் கமல்ஹாசனே பாடினார். மின்னணு ஒலிகளாலேயே நெய்யப்பட்ட பாட்டு அது. அதே ஆண்டின் 'புன்னகை மன்னன்' படத்தில் சீக்வென்சர் என்னும் கருவியைக் கொண்டு தாளத்தையும் ஒலிகளையும் கணிப்பொறி வழியே அடுக்கி வாசிக்கும் முறையை இளையராஜா கையாண்டார். அப்போது திலீப் என்ற பெயரில் அவர் குழுவில் விசைப்பலகை வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்தாம் 1992இல் 'ரோஜா'வின் மூலம் ஏ. ஆர். ரகுமானாக நாடறியப்பட்டார். எனவே இயந்திரமே கூடாது என்று நான் வாதிடவில்லை. அக்காலத்து மேதைகளே அதை ஆசையோடு வரவேற்றார்கள். ஆனால் அவர்கள் அதைப் புதிய ஒலிகளைத் தேடுவதற்குக் கருவியாகக் கொண்டார்கள். அதே படத்தில் மனிதர்கள் வாசித்த வயலினும் பேஸும் அதனோடு கைகோத்துச் சென்றன. இன்று நாம் டிராக்கை எடுத்துக்கொள்வது ஐந்து பேர் சம்பளத்தை மிச்சப்படுத்துவதற்காக. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்கக் கூடாது.

மணிரத்னத்தின் 'அக்னி நட்சத்திரம்' 1988இல் வந்தபோது அந்தப் பத்தாண்டின் முயற்சிகளெல்லாம் ஒன்றுகூடிப் பழுத்துவிட்டன. மோகன ராகத்தில் பூச்சி சீனிவாச ஐயங்கார் இயற்றிய வர்ணத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, அதன்கீழ் டிரம்ஸையும் பேஸையும் ஓடவிட்டுச் சித்ராவைப் பாடச் செய்த பாட்டு ஒருபுறம். இளையராஜாவே பாடி, கார்த்திக் ஆடிய 'ராஜா ராஜாதி' மறுபுறம். பின்னாளில் நடனத்தால் நாடெங்கும் புகழ்பெற்ற பிரபுதேவா அதில் ஆடுவோர் கூட்டத்தில் ஒருவராக நிற்கிறார். அந்தப் பாட்டின் தாளத்தை ரிதம் பேடில் தட்டினால் சத்தம் வரும், எடை வராது. பாஸ் டிரம்மைக் காலால் மிதிக்கும் ஒரு மனிதன் மேடையில் வேண்டும்.

உங்கள் சிரமங்களை நான் அறியாதவன் அல்லன். வரவேற்புக்கு அழைக்கும் குடும்பத்தார் பூ அலங்காரத்துக்குக் கொடுப்பதில் பாதியைக்கூடக் குழுவுக்குக் கொடுக்க மனமில்லாமல் பேரம் பேசுகிறார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது நியாயமான விதியே. ஆனால் ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி, மணமக்கள் மேடைக்கு வருவது தாமதமாகி எட்டரைக்குத் தொடங்கும்போது, வெட்டுப்படுவது இடையிசைதான். பதினெட்டுப் பாட்டு வேண்டும் என்று பட்டியல் கொடுத்தவர் பன்னிரண்டோடு திருப்தியடைய மாட்டார் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். என் அனுபவத்தில் அந்த அச்சம் பாதிதான் உண்மை. பாட்டு முழுமையாக வாசிக்கப்படும்போது சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்தவர்களும் நின்று கேட்கிறார்கள். நறுக்கி வாசிக்கும்போது முன்வரிசையில் இருப்பவர்களே கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். அழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாட்டின் எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்பதை விடுத்து, எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

நம் ஊருக்கு மட்டும் வாய்த்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லி முடிக்கிறேன். 'பயணங்கள் முடிவதில்லை'யும் 'சகலகலா வல்லவ'னும் வந்த அதே 1982இல், ஜூன் 21ஆம் நாள், பிரான்சில் முதல் இசைத் திருநாள் கொண்டாடப்பட்டது. பிரெஞ்சுக்காரர்களில் ஐம்பது லட்சம் பேர் ஏதேனும் ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள், இளைஞர்களில் இருவருக்கு ஒருவர் வாசிக்கிறார் என்று ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. அப்படியானால் அவர்களெல்லாரும் ஒரு நாள் தெருவில் வந்து கட்டணமின்றி வாசிக்கட்டுமே என்று பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங்கும் இசைத் துறையைக் கவனித்துவந்த மோரிஸ் ஃப்ளூரேயும் அதை ஏற்பாடு செய்தார்கள். 1889 முதல் நம் ஊரில் இருந்துவரும் அலியான்ஸ் பிரான்சேஸ் அத்திருநாளை இங்கேயும் நடத்தி வருகிறது. வாத்தியம் வாசிப்பவர்களுக்காகவே பிறந்த திருநாள் அது. அதில் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் கேட்டுப் பெறுங்கள். குழுக்களுக்கிடையே உள்ள போட்டியை அன்றைக்கு மட்டும் ஒதுக்கிவைத்து, ஒரு குழுவின் டிரம்ஸ்காரரும், மற்றொரு குழுவின் பேஸ் கிடார்க்காரரும், மாதா கோயில் பாடற்குழுவின் வயலின்காரர்களும், காவல்துறை பேண்டில் டிரம்பெட் ஊதி ஓய்வுபெற்றவர்களும் ஒன்றாக அமருங்கள். எட்டுப் பாட்டு போதும். இப்போதே பயிற்சியைத் தொடங்குங்கள். இடையிசைகளைக் காதால் கேட்டு எழுதி, அந்த ஸ்வரக் குறிப்புகளை இளையவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

அன்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு உங்கள் அறிவிப்பாளர் படத்தின் பெயரையும், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் பெயர்களையும் சொன்ன பிறகு, அசல் பதிவில் அந்த வாத்தியத்தை வாசித்தவர் பெயர் தெரிந்தால் அதையும், மேடையில் இப்போது அதை வாசிக்கப் போகிறவர் பெயரையும் தவறாமல் சொல்லட்டும். இரண்டு இடையிசைகளையும் முழுவதுமாக வாசியுங்கள். கேட்பதற்கு நாங்கள் வருகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் ரசிகன்,
புதுச்சேரி.